கூப்பிட்டவர் கட்டவேண்டிய காசு

சென்ற இலையுதிர் காலத்தில், நான் வேலை செய்த பல்கலைக்கழகத்திலிருந்து கமீல் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் எங்கள் பிரிவில் சேர்ந்த பிள்ளை அவள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுக்கும் ஆட்களுக்கான அரசாங்கக் கட்டணங்கள் மறுபடியும் கூடிவிட்டனவாம். பேராசிரியர்கள் முணுமுணுக்கிறார்களாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கிறோம், நீங்கள் வந்து பழைய அனுபவத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். ஓய்வு பெற்றவளுக்கு யாராவது ஏதாவது கேட்கமாட்டார்களா என்றுதானே இருக்கும். உடனே ஒப்புக்கொண்டேன்.

நான் இருக்கும் புறநகரான பியர்பொன்ட்ஸிலிருந்து நகரத்துக்குப் போய் நன்றாகவே பேசினேன். கோப்பில் முதலில் எதைப் பார்க்க வேண்டும், எந்த அரசாங்கத்துக்கு எதை முதலில் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். எல்லோரும் கணினியில் தட்டித் தட்டிக் குறித்துக்கொண்டார்கள். இளங்கோ என்ற ஆய்வாளனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் என் கணவர். அகதியாக வந்து, வதிவிட உரிமை கிடைத்ததும் எனக்கு ஸ்பொன்சர் செய்தார். டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. வந்த முதல் குளிர்காலம் முழுவதும் நான் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தேன், மாலையில் பிரெஞ்சு படித்தேன். பிறகு அலுவலகப் பயிற்சி, பிறகு பல்கலைக்கழகத்தின் சம்பளப் பிரிவில் தற்காலிக வேலை. கடைசியில் வெளிநாட்டு ஊழியர்களின் கோப்புகளைப் பார்க்கும் மேசைக்கு வந்து சேர்ந்தேன். வந்தவள் ஓய்வு பெறும்வரை அந்த மேசையை விட்டு எழும்பவில்லை.

அந்த மேசைக்கு என்னை எடுத்தவர் தெரேஸ். எங்கள் பிரிவின் பணிப்பாளர், கியூபெக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். காலையில் வந்ததும் குளிர்கோட்டைக் கழற்றமாட்டார். யன்னலோரம் நின்றபடியே முதலாவது கோப்பை வாசித்து முடித்து, அதன்பிறகுதான் கோட்டுக்கு விடுதலை. பிரச்சினை என்ற சொல் அவர் வாயில் வராது. எவ்வளவு சிக்கலான கோப்பைக் கொண்டுபோய் நீட்டினாலும் "பார்ப்போம்" என்பார், பென்சிலைக் காதில் செருகுவார். அந்தப் பென்சில் காதில் ஏறிவிட்டால் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

கியூபெக் மாகாணத்தில் இரண்டு அரசாங்கங்களைக் கும்பிட வேண்டும். மாகாண அரசு முதலில் ஏற்க வேண்டும், பிறகு ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு வேலை அனுமதி தர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம், தனித்தனிப் பத்திரங்கள். ஒன்று கேட்பதை மற்றது கேட்காது. நான் முதலில் பார்ப்பது கடவுச்சீட்டு முடியும் திகதியைத்தான். மூன்று வருட ஒப்பந்தம் இருந்தாலும் கடவுச்சீட்டில் ஒரு வருடம்தான் மிச்சம் என்றால், அனுமதியும் அந்த ஒரு வருடத்துக்குத்தான் வரும். பிறகு மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம். எத்தனையோ மெத்தப் படித்தவர்கள் அதைக் கவனிக்கமாட்டார்கள். முதலில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்தால் கோபிக்கட்டும், ஒரு வருடம் கழித்து அழமாட்டார்கள்.

அனுமதி கிடைத்த அன்று தெரேஸ் தானே அந்த ஆளுக்குத் தொலைபேசி எடுப்பார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். வாழ்த்துச் சொல்லிவிட்டு, பனிக்காலச் சப்பாத்து இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். கானாவிலிருந்து வரவிருந்த ஒரு கணித விரிவுரையாளர் அதையும் நேர்முகப் பரீட்சையின் மிச்சம் என்று நினைத்து, கறுப்பில் ஒரு சோடி, மண்ணிறத்தில் ஒரு சோடி இருக்கின்றன அம்மா, இரண்டுக்கும் நன்றாகப் பொலிஷ் போட்டிருக்கிறேன் என்று பணிவாகப் பதில் சொன்னார். தெரேஸ் வாயைப் பொத்திக்கொண்டு ரிசீவரை என் கையில் தந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் எல்லாக் கட்டணத்தையும் எங்கள் பிரிவே கட்டியது. கட்டணம் என்று ஒன்று இருப்பதே பல பேராசிரியர்களுக்குத் தெரியாது. எப்படியோ தெரிந்துகொண்ட ஒருவர், சம்பளம் வாங்கப் போகிறவர்தானே, அவரே கட்டட்டும் என்று எழுதி அனுப்பினார். தெரேஸ் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"நீங்கள் ஒருவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், வாசலில் நின்று காசு வாங்கிக்கொண்டா உள்ளே விடுவீர்கள்? கூப்பிட்டவர்தான் கட்ட வேண்டும்."

எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இந்த வெள்ளைக்கார மனுசி எங்கள் ஆட்களைப் போலக் கதைக்கிறாவே என்று அன்றைக்கு வீட்டில் போய்ச் சொன்னேன். எங்கள் ஆட்கள் நாலு பேர் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனால் பில் வரும்போது நடக்கும் சண்டை எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கையை மற்றவர் பிடிப்பார், மூன்றாமவர் எழும்பிப்போய்க் களவாகக் கட்டிவிட்டு வருவார். பரிமாறும் பிள்ளை பயந்துபோய் நிற்கும்.

தெரேஸ் ஓய்வு பெற்றார். அதன்பிறகு கட்டணங்கள் ஏறத் தொடங்கின. அரசாங்கக் கட்டணம் ஏறியது, சட்டத்தரணிகளின் கட்டணம் ஏறியது, விதிகள் இறுகின, நிரந்தர வதிவிடத்துக்கான வழிகளும் ஒவ்வொன்றாக ஒடுங்கின. அதே நேரத்தில் பல்கலைக்கழகத்துக்கு வரும் பணம் குறைந்தது. தெரேஸின் இடத்துக்கு எத்தியென் வந்தார். பனி கொட்டினாலும் சைக்கிளில் வரும் இளைஞர். கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனால் அவரிடம் கொடுக்கப்பட்ட வேலை செலவைக் குறைப்பது. இனிமேல் கட்டணத்தை ஆளை எடுக்கும் துறையே ஏற்க வேண்டும் என்று ஒழுங்கு வந்தது. விண்ணப்பத்தை நாங்கள் தயாரித்து வைப்போம். பேராசிரியர் தன் ஆய்வு நிதியின் கணக்கிலக்கத்தைத் தந்து, துறைச் செயலாளர் இணையத்தில் கட்டணத்தைக் கட்டிய பிறகுதான் அது அரசாங்கத்துக்குப் போகும்.

கொஞ்ச நாளிலேயே பேராசிரியர்களின் பேச்சு மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு ஆளைப் பற்றி என்னிடம் சொல்லும்போது, இவர் இன்னதைக் கண்டுபிடித்தவர், இன்னாரிடம் படித்தவர் என்று பெருமையோடு தொடங்குவார்கள். பிறகு முதல் கேள்வியே, ஏற்கனவே அனுமதி கையில் இருக்கிறதா என்பதாகிவிட்டது. நிதி எவ்வளவு காலத்துக்கு இருக்கிறதோ அவ்வளவு காலத்துக்குத்தான் ஒப்பந்தம். ஒப்பந்தம் குட்டையாகக் குட்டையாக, புதுப்பிப்புக் கூடும். புதுப்பிப்புக் கூடினால் கட்டணமும் கூடும். இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். நல்ல கருத்து என்றார்கள். அதோடு சரி.

இந்த நேரத்தில்தான் இளங்கோவின் புதுப்பிப்புக் கோப்பு என் மேசைக்கு வந்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளை. கடுங்குளிரிலும் செத்துப்போகாத கார் பட்டறி செய்யும் ஆய்வில் இருந்தான். எங்கள் கார் ஒவ்வொரு தை மாதமும் வீட்டு வாசலில் உயிரை விடும் என்பதால், அந்தத் தம்பியின் வேலை எப்போது முடியும் என்று கேட்டுச் சொல் என்று என் கணவர் தினமும் தொல்லை. இளங்கோ எங்களுக்குப் பக்கத்து ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருந்தான். மனைவி வித்யா அங்கேயே ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், வேலை பார்த்தாள். அவளுடைய அனுமதி இவனுடையதோடு கட்டப்பட்டது, இது போனால் அதுவும் போகும். மகள் கயல் முதலாம் வகுப்பு. தாய் தகப்பனின் பிரெஞ்சைத் திருத்துவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

ரயில் பாதையைத் திருத்துவதற்காக மூடியிருந்த காலம் அது. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் மெட்ரோ நிலையம் வரை போவோம். நீண்ட தூரம். என்னுடைய யாழ்ப்பாணத் தமிழ் அவனுக்கு வேடிக்கை. பிறகு பேசுவோம் என்பதற்கு நான் "பேந்து கதைப்பம்" என்றால், யாரோ எனக்குக் கதை சொல்லப் போறாங்கன்னு காத்திருந்தேன் அக்கா என்பான். ஊரில் அப்பா தீப்பெட்டிக் கம்பனியில் வேலை செய்தவராம். நான்தான் எங்க குடும்பத்துல முதல்ல நெருப்பை விட்டுட்டுக் குளிரைப் பிடிச்சவன் என்று சொல்லிச் சிரிப்பான்.

அவனுடைய அனுமதி அந்தக் கோடையின் முடிவில் முடிய இருந்தது. குளிர்காலத்திலேயே நான் பேராசிரியருக்கு எழுதத் தொடங்கினேன். பெரிய விஞ்ஞானி, நல்ல மனிதர், மறதிக்காரர். பழைய ஆய்வு நிதி தீர்ந்துவிட்டது, புதியது இன்னும் வரவில்லை, அதனால் கணக்கிலக்கம் இல்லை. அடுத்த கிழமை என்பார். அடுத்த கிழமையும் அடுத்த கிழமை என்பார். விண்ணப்பம் என் கணினியில் தயாராகக் கிடந்தது. பனி உருகி, மரங்கள் துளிர்த்து, ஒருநாள் திடீரென்று கட்டணம் கட்டப்பட்டு விண்ணப்பம் போய்விட்டதைக் கண்டேன். புதிய நிதி வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து ஆறுதலாகத் தேநீர் குடித்தேன்.

அடுத்த கிழமை பஸ்ஸில் இளங்கோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் மலர்ந்து கிடந்தது.

"அக்கா, டென்ஷன் முடிஞ்சுது. சார்கிட்ட இன்னும் ஃபண்ட் வரலை. எத்தனை நாள் அவரைத் தொந்தரவு பண்றது? செக்ரட்டரிகிட்ட என் கார்டைக் குடுத்துக் கட்டச் சொல்லிட்டேன். சாருக்குக்கூடத் தெரியாது."

நான் அவனுக்கு மெதுவாக விளக்கிச் சொன்னேன். அந்தக் கட்டணம் வேலை தருபவர் கட்டவேண்டியது. வேலை செய்ய வருபவரிடமிருந்து எந்த வழியிலும் அதை எடுக்கக் கூடாது, சட்டம் அப்படி. தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஏழைத் தொழிலாளரிடம் அதைப் பிடுங்கினவர்கள் இருந்ததால் வந்த சட்டம். அவனைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம்.

"என்கிட்ட யாரும் பிடுங்கலையே அக்கா. நானாத்தானே குடுத்தேன்."

"நீங்களாக் குடுத்தாலும் பல்கலைக்கழகம் வாங்கினதாத்தான் கணக்கு தம்பி."

அவனுக்கு அது விளங்கவே இல்லை. நாலு வருடமாகச் சோறு போடுகிற மனிதருக்கு ஒரு சங்கடத்தில் கை கொடுத்தேன், இதில் என்ன பிழை என்று கேட்டான். பிழை என்று சொல்ல எனக்கும் மனமில்லை. நம் ஆட்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அரசாங்கப் பரிசோதகர்கள் எப்போதும் வரலாம், கட்டணத்தை யார் கட்டினார் என்று அவர்கள் பார்ப்பது வழக்கம். பிடிபட்டால் பல்கலைக்கழகம் வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பதற்கே தடை வரலாம். என் அலமாரியில் இருந்த மற்றக் கோப்புகளின் ஆட்களும் அகப்படுவார்கள். இளங்கோவுக்கும் நாளைக்கு நிரந்தர வதிவிடம் கேட்கும்போது அது கழுத்துக்கு வரும். வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவன் உன்னை நம்பி அல்லோ சொன்னவன் என்றார். நான் சோற்றுக் கோப்பையில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "சொல்லாமல் விட்டால் உனக்குச் சோறு இறங்குமோ?" என்று கேட்டார். இறங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் பஸ்ஸில் அவனிடம்தான் முதலில் சொன்னேன், நான் இதை எத்தியெனிடம் சொல்லப் போகிறேன் என்று. மெட்ரோ நிலையத்தில் இறங்கும்போது கேட்டான்.

"சொல்லிடுங்க அக்கா. அவங்க எனக்குத் திருப்பிக் குடுத்துட்டு, யுனிவர்சிட்டியே கட்டிடும்ல?"

"ஓம்," என்றேன்.

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். அந்த ஓம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

எத்தியென் முழுவதையும் கேட்டார். சட்டப் பிரிவோடு பேசினார். விண்ணப்பத்தை மீளப் பெறச் சொன்னார்கள், இளங்கோவின் பணத்தை அவனிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டும் சுணக்கமில்லாமல் நடந்தன. நான் சொன்னதில் பாதி சரியாகத்தான் நடந்தது. புதிய விண்ணப்பத்துக்குப் புதிய கட்டணம் கட்ட வேண்டும். அதை யார் கட்டுவது? பேராசிரியரிடம் இன்னும் நிதி இல்லை. துறையிடம் கேட்டேன், எங்கள் பிரிவிடம் போகச் சொன்னார்கள். எங்கள் பிரிவில் எத்தியென் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஒருவருக்குக் கட்டினால் எல்லோருக்கும் கட்ட வேண்டிவரும், செலவுக் கணக்கின் இந்த வரியில் பணமே இல்லை, நீங்களே பாருங்கள் என்றார். பார்த்தேன். உண்மைதான், அந்த வரியில் பணம் இல்லை. அந்த மாதம் ஒரு புதிய கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு வாசல் முழுக்கப் பூச்சாடிகள் வைத்திருந்தார்கள். அது வேறு வரி.

"அப்படியென்றால் நான் கட்டுகிறேன்," என்றேன். வாய் தவறி வந்ததில்லை, யோசித்துத்தான் சொன்னேன்.

எத்தியென் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மதாம் ரஞ்சி, இதே காரணத்துக்காகத்தான் ஒரு விண்ணப்பத்தை மீளப் பெற்றோம், ஊழியர் ஒருவர் தன் பையிலிருந்து கட்டினால் பிரச்சினை ஒன்றுக்கு இரண்டாகும் என்றார். பிறகு, கேலியாக அல்ல, உண்மையிலேயே அறிய விரும்பி, உங்கள் ஆட்கள் ஏன் எல்லோரும் கட்டத் துடிக்கிறீர்கள் என்று கேட்டார். சாப்பாட்டுக் கடையில் பில்லுக்கு நடக்கும் சண்டையைச் சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

தெரேஸாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று அடிக்கடி நினைப்பேன். பென்சிலைக் காதில் செருகி, முதலில் கட்டணத்தைக் கட்டிவிட்டு, யாருடைய கணக்கு என்று பிறகு சண்டை பிடித்திருப்பார். ஆனால் அவர் காலத்தில் கட்டணம் சிறியது, பணமும் தாராளம். எத்தியெனிடம் அந்தப் பணம் இருந்திருந்தால் அவரும் கட்டியிருப்பாரோ என்னவோ. அந்த நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும், சொன்னாலும் மனம் ஆறுகிறதில்லை.

அனுமதி முடிகிற நாள் நெருங்கியது. வேலை செய்யாமல், பார்வையாளராகப் பதிந்துகொண்டு காத்திருக்கலாம் என்று அவனுக்குச் சொன்னேன். வாடகை காத்திருக்காதே அக்கா என்றான். வித்யா கார்டெரியில் சொல்லிக்கொண்டு வேலையிலிருந்து நின்றுவிட்டாள். மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கே குளிரே இல்லை, பட்டறியை எதில் வைத்துச் சோதிக்கிறது என்று ஒரு தடவை கேட்டான்.

நடந்ததை முன்பின்னாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியருக்குப் புதிய நிதி ஐப்பசியில் வந்தது. சந்தோசத்தோடு அவரே நடந்து என் மேசைக்கு வந்தார். கணக்கிலக்கம் கிடைத்துவிட்டது மதாம், இளங்கோவின் விண்ணப்பத்தை அனுப்பலாமா என்று கேட்டார். அவன் ஆவணியிலேயே போய்விட்டான் என்று அவருக்குத் தெரியும், விடைபெறவும் போயிருந்தான். திரும்பக் கூப்பிடலாம்தானே என்று நினைத்திருக்கிறார். அவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான், பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள், இனி வரமாட்டான் என்றேன். அவர் என் மேசைக்கு முன்னாலிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவணியில் அவர்களை டோர்வலுக்கு ஏற்றிப் போனது நாங்கள்தான். என் கணவர் தான் வேலை செய்த இடம் என்பதால் எல்லாப் பெட்டியையும் கையால் தூக்கிப் பார்த்தே நிறை சொன்னார், ஒன்றும் கூடவில்லை. கயல் பிரெஞ்சு அறிவிப்புகளைத் தமிழாக்கி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிகள் போன பிறகு நேரம் இருந்தது. வாருங்கள், ஒரு கோப்பி குடிப்போம் என்று நான்தான் கூப்பிட்டேன்.

காசாளர் பிள்ளை தொகையைச் சொன்னதும், எனக்கு முன்னால் ஒரு கை நீண்டது. இளங்கோவின் கை. அதே கார்ட்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். "விடுங்க அக்கா, போற நேரத்துல நான்..." என்று தொடங்கினான். அவனுடைய கை கொஞ்சமும் இளகவில்லை, என்னுடையதும் இளகவில்லை. பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள்.

"இல்லைத் தம்பி. கூப்பிட்டது நான். கார்டை உள்ளை வையுங்கோ."

அவன் கார்டைப் பையில் வைத்தான். வித்யா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலு கோப்பியும் பிள்ளைக்கு ஒரு மஃபினும். இந்த நாட்டில் அவர்களுக்காக என்னால் கட்ட முடிந்தது அவ்வளவுதான்.